ஊசி என்று எழுதியதால் வந்த வினை: முதுகுத்தண்டு சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்ட ஒரு நிகழ்வு

பின்னணி

கேரள எல்லைக்கு அரை மணி நேரத் தொலைவில், தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் ஒரு நடுத்தர மருத்துவமனையில் காப்பீட்டு டெஸ்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, வடகரப்பதி என்று கேரளத்தின் சித்தூர் தாலுகாவிலிருந்து நிறைய பேர் எங்களிடம் வருகிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம். அவசரம் என்றால் பாலக்காடும் போவார்கள், கோவையும் போவார்கள். எந்தப் பக்கம் பஸ் முதலில் வருகிறதோ அந்தப் பக்கம்.

இந்த நிகழ்வில் வருபவர் 51 வயது ஆண். பால் சொசைட்டிகளிலிருந்து கேன்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிறவர். ஓட்டுவதோடு நிற்காது, ஏற்றி இறக்குவதும் அவர்தான். நிரம்பிய கேன் ஒன்று நாற்பது கிலோவுக்கு மேல் வரும். சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், அவர் மூவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு குடும்பப் பாலிசி 2023 ஜனவரியில் எடுத்திருந்தார்கள். எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த ஒரு முகவர் மூலம் எடுத்தது. சர்க்கரை நோயை விண்ணப்பத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

2025 பிப்ரவரியில் வலது பிட்டத்தில் தொடங்கிய குடைச்சல், பத்து நாளில் தொடை, கெண்டைக்கால் வழியாகக் கட்டைவிரல் வரை இறங்கியது. ஏப்ரலில் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆயுர்வேத மருத்துவமனையில் 14 நாள் தங்கி உழிச்சல், கிழி, கடிவஸ்தி எல்லாம் செய்துகொண்டார். பாதி குறைந்தது; வேன் ஏறியதும் திரும்ப வந்தது. மே மாதம் மூன்று வாரம் பிசியோதெரபி. இடையில் நரம்பு வலிக்கான மாத்திரைகள். ஜூன் இரண்டாம் வாரம் எங்கள் முதுகுத்தண்டு மருத்துவரைப் பார்க்க வந்தார்.

கண்டது

மல்லாந்து படுக்கவைத்து வலது காலை நீட்டியபடி தூக்கினால் நாற்பது டிகிரிக்குள் வலி பாய்ந்தது. கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் கொஞ்சம் குறைந்திருந்தது. எம்ஆர்ஐ ஸ்கேனில், கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் எல்4-எல்5 வட்டு வலப்பக்கம் பிதுங்கி, எல்5 நரம்பு வேரை அழுத்துவது தெரிந்தது. பரிசோதனையும் படமும் ஒரே நரம்பைக் காட்டின. சிறுநீர், மலம் போவதில் சிக்கல் இல்லை, தொடை இடுக்கில் மரத்துப்போகவில்லை, பாதம் தொங்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் பேச்சு நேராக அறுவை சிகிச்சைக்குப் போயிருக்கும்.

மருத்துவர் பரிந்துரைத்தது டிரான்ஸ்ஃபொரமினல் எபிடியூரல் ஸ்டீராய்டு இன்ஜெக்ஷன். நரம்பு வேர் வெளியேறும் எலும்புத் துளையின் அருகே, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தி, சாயம் விட்டு இடத்தை உறுதி செய்து, பிறகு வீக்கம் குறைக்கும் மருந்தைக் கொடுப்பது. செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், ஒருவர் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், முடிந்தபின் சில மணி நேரம் படுக்கவைத்துக் கால் பலத்தைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் நோயாளிக்கு ஒரே வரியில் சொன்னார்கள்: "முதுகுல ஒரு ஊசி போட்டா சரியாயிரும்." அந்த வரி அப்படியே என் டெஸ்க்குக்கு வந்தது.

முதல் விண்ணப்பம்

வியாழக்கிழமைக்குத் தேதி குறித்திருந்ததால் திங்கள் காலையிலேயே கேஷ்லெஸ், அதாவது காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் முறைக்கான முன் அனுமதிப் படிவத்தை அனுப்பினேன். நான் நிரப்பியதை அப்படியே சொல்கிறேன். நோய்: கீழ் முதுகு வலி. சிகிச்சை: ஸ்பைனல் இன்ஜெக்ஷன். எவ்வளவு காலமாக: ஐந்து வருடம். தங்கும் காலம்: ஒரு நாள். மதிப்பீடு: 32,000 ரூபாய். இணைப்பு: எம்ஆர்ஐ அறிக்கை, ஆதார், காப்பீட்டு அட்டை.

'ஐந்து வருடம்' எங்கிருந்து வந்தது? ஓபி (வெளிநோயாளி) சீட்டில் பயிற்சி மருத்துவர் அப்படி எழுதியிருந்தார். "எத்தனை நாளா முதுகு வலி?" என்று கேட்டிருக்கிறார், "அது அஞ்சு வருசமா அப்பப்ப இருக்குதுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். நான் பார்த்து எழுதினேன். திரும்பக் கேட்கவில்லை.

2024 மே 29 அன்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரம். எங்களுக்கு நாற்பது நிமிடத்திலேயே பதில் வந்தது. வந்தது முடிவல்ல, க்வெரி. ஏன் வெளிநோயாளியாகச் செய்யக் கூடாது, இதற்குமுன் என்ன சிகிச்சை எடுத்தார், முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த சீட்டு எங்கே என்று மூன்று கேள்விகள்.

அன்று டெஸ்க்கில் நான் ஒருத்திதான். மருத்துவர் தியேட்டரில் இருந்தார். ஜூனியரிடம் ஒரு சான்று வாங்கினேன்: 'இந்த நோயாளிக்கு இந்த ஊசி அவசியம்.' ஒரு வரி. அதை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டேன். மூன்று கேள்விக்கு ஒரு வரி பதில் போதாது என்பது எனக்குத் தெரியாததல்ல. வேலைப்பளுவில் செய்தது.

மாலை நான்கு மணிக்கு மறுப்பு வந்தது.

மறுப்புக் கடிதம் சொன்னது

இரண்டு காரணங்கள். ஒன்று, கேட்கப்பட்ட சிகிச்சை வெளிநோயாளி அடிப்படையில் செய்யக்கூடியது, உள்நோயாளியாகச் சேர்க்க நியாயம் காட்டப்படவில்லை. இரண்டு, நோய் ஐந்து வருடமாக இருப்பதாகத் தெரிவதால் பாலிசிக்கு முந்தைய நோயாக இருக்கலாம், அப்படிப்பட்ட நோய்களுக்கான 36 மாதக் காத்திருப்பு முடியவில்லை. கடைசியில் வழக்கமான வரி: கேஷ்லெஸ் மறுப்பு என்பது சிகிச்சை மறுப்பு ஆகாது, செலவு செய்தபின் ரீஇம்பர்ஸ்மென்ட் கோரலாம்.

கோபம் வந்தது. ஆனால் இரண்டாவது முறை படித்தபோது, நாங்கள் அனுப்பிய தாள்களை மட்டும் பார்க்கும் ஒருவர் வேறென்ன எழுதியிருக்க முடியும் என்று தோன்றியது. முதுகு வலிக்கு ஊசி. ஐந்து வருடமாக. ஊர்க்காரர்கள் யாரிடம் கேட்டாலும் ஊசி என்றால் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற சமாச்சாரம்தான்.

பகல் நேரச் சிகிச்சைக்கு, அதாவது டே கேருக்கு, காப்பீட்டு விதிகளில் ஒரு விளக்கம் உண்டு. முழு மயக்கத்திலோ அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தோ செய்யப்பட வேண்டும். தொழில்நுட்ப முன்னேற்றத்தால் 24 மணி நேரத்துக்குள் முடிவதாக, இல்லையென்றால் 24 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டியிருந்திருக்கும் சிகிச்சையாக இருக்க வேண்டும். வழக்கமாக வெளிநோயாளியாகச் செய்யப்படுவது இதில் சேராது. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முதுகுத்தண்டு ஊசிகள் பெரும்பாலும் மாட்டுகின்றன. சில இடங்களில் இதே ஊசியை ஓபியிலேயே செய்து அனுப்புகிறார்கள் என்பதும் உண்மை. ஆகவே காப்பீட்டு நிறுவனத்தின் வாதம் வெறும் சாக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எந்த வழியில் போவது

செவ்வாய் காலை குடும்பம் வந்தது. மகன் கேட்டான்: "அக்கா, நாங்க பணத்தைக் கட்டிர்றோம், அப்புறம் வாங்கிக்கலாங்களா?" கையில் இருந்தது நகைக்கடன் பணம். ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்குப் போனாலும் இதே இரண்டு காரணங்கள் திரும்ப வரும், அதுவும் பணம் போனபிறகு. அரசுத் திட்டம் ஏதாவது ஆகுமா என்று அவர் மனைவி கேட்டார். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு இந்த மாநிலக் குடும்ப அட்டை வேண்டும். கேரளத்தின் காருண்யா திட்டப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை. எல்லையோரக் குடும்பங்கள் அடிக்கடி இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்பதுண்டு.

இன்னொரு யோசனையும் வந்தது, எங்கள் ஆட்களிடமிருந்தே. ஒரு ராத்திரி தங்கவைத்து, குளுக்கோஸ் ஏற்றி, 24 மணி நேரம் காட்டிவிட்டால் டே கேர் கேள்வியே வராதே என்று. தேவையில்லாத சேர்க்கையைத் தேவை என்று எழுதுவது பொய். பிடிபட்டால் நோயாளியின் பாலிசிக்கே ஆபத்து. மருத்துவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வேண்டாம்."

கடைசியில் எடுத்த முடிவு இது. மறுபரிசீலனைக்கு முழுமையாக எழுதுவது. அதற்கு அடுத்த திங்கள் வரை மட்டும் காத்திருப்பது. அதற்குள் பதில் சாதகமாக வராவிட்டால் பணம் கட்டிச் செய்துவிட்டு முறையீட்டுக்குப் போவது. காத்திருக்கலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்று அவரிடமே விட்டோம். அவர் மறுபடி காலைப் பார்த்தார். பலம் மேலும் குறையவில்லை. பாதம் தொங்கினாலோ சிறுநீர் நின்றாலோ அனுமதியெல்லாம் பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லி, அதை மனைவியிடம் எழுதிக்கொடுத்தார்.

மறுபரிசீலனைக்குத் திரட்டியது

ஐந்து வருடக் கேள்வியை முதலில் எடுத்தேன். நோயாளியை உட்காரவைத்து நிதானமாகக் கேட்டேன். "அம்மிணி, அது இது இல்லீங்க. 2020-ல கேன் தூக்கறப்ப ஒரு பிடிப்பு புடிச்சுது. எண்ணெய் தேச்சுச் சுடுதண்ணி ஊத்துனேன், நாலு நாள்ல போயிருச்சு. டாக்டர்கிட்டல்லாம் போகலைங்க. கால்ல இறங்குனது இந்த மாசி மாசந்தான்." முந்தைய நோய் என்பதற்கு இப்போதைய விளக்கம், பாலிசி தொடங்குவதற்கு முன் 36 மாதத்துக்குள் மருத்துவர் கண்டறிந்தது அல்லது மருத்துவரிடம் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றது. எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றியது அதில் வராது. வட்டு விலகலுக்கு இந்தப் பாலிசியில் தனியாக 24 மாதக் காத்திருப்பு இருந்தது. 29 மாதம் ஆகியிருந்ததால் அதையும் தாண்டியாயிற்று.

ஆனால் ஓபி சீட்டில் 'ஐந்து வருடம்' இருக்கிறதே. அடித்துத் திருத்தினால் அதைவிடக் கேடு இல்லை. மூத்த மருத்துவர் நோயாளியை மறுபடி விசாரித்து, கேஸ் ஷீட்டில் புதிய தேதியிட்டுக் கூடுதல் குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார்: பழைய பிடிப்பு என்ன, இப்போதைய நரம்பு வலி எப்போது தொடங்கியது, இரண்டும் ஏன் வேறு. பழைய வரி அப்படியே இருந்தது.

அடுத்தது முந்தைய சிகிச்சை. நான்கு மாதத்தில் ஆயுர்வேதம், பிசியோதெரபி, மாத்திரை என்று எல்லாம் பார்த்தவர் இவர். க்வெரியில் கேட்ட முந்தைய சிகிச்சைக்கு நாங்கள் ஆதாரம் காட்டாததற்குக் காரணம், அத்தனையும் மலையாளத்தில் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்ததுதான். "இதெல்லாம் அங்க செல்லாதுன்னு நெனச்சங்க" என்றார் அவர் மனைவி. எல்லையில் வளர்ந்த எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். வேறொரு நகரத்தில் உட்கார்ந்து காப்பீட்டு நிறுவனத்துக்காக ஃபைல் பார்க்கும் டிபிஏ அமைப்பின் மருத்துவருக்கு வரவேண்டும் என்று என்ன இருக்கிறது? மகன் பைக்கில் போய், ஆயுர்வேத மருத்துவரிடம் சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, செய்த சிகிச்சைகள், வெளியேறும்போது இருந்த நிலை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சீல் வைத்து வாங்கி வந்தான். பிசியோதெரபி வருகை அட்டைக்கும் அப்படியே.

மூன்றாவது, வெளிநோயாளியாக ஏன் கூடாது என்பது. இந்த முறை மருத்துவரின் கடிதத்துக்காக அரைநாள் காத்திருந்தேன். சிகிச்சையின் முழுப்பெயர், எந்தப் பக்கம், எந்த நரம்பு வேர், சி-ஆர்ம், சாயம், அந்த இடத்தை மரக்கவைப்பதோடு லேசான மயக்கம், தியேட்டர் ஏன் வேண்டும், சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தபின் என்ன கவனிக்க வேண்டும், ஆறு மணி நேரம் படுக்கையில் வைத்திருப்பது எதற்காக என்று ஒரு பக்கம் எழுதினார். 'ஊசி' என்ற சொல் சிகிச்சையின் பெயருக்குள் மட்டும் வந்தது.

முதல் வரைவில் அவர் 'நோயறிதலுக்கும் சிகிச்சைக்குமான நரம்புத் தடுப்பு' என்று எழுதியிருந்தார். அங்கே நிறுத்திக் கேட்டேன். நோயறிதலுக்காக மட்டும் சேர்க்கப்படுவதைக் காப்பீட்டின் நிலையான விலக்குகளில் நான்காவது தள்ளிவிடுகிறது. "சார், எந்த நரம்புன்னு இன்னும் சந்தேகம் இருக்கா?" என்றேன். சந்தேகம் இல்லை, பரிசோதனையும் எம்ஆர்ஐயும் ஒன்றையே காட்டுகின்றன, பழக்கத்தில் எழுதிவிட்டேன் என்று எடுத்துவிட்டார். உண்மையிலேயே சந்தேகம் இருந்திருந்தால் அந்தச் சொல் இருந்திருக்க வேண்டும். எடுக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

பாலிசியின் முழு வாசகம் குடும்பத்திடம் இல்லை, அட்டை மட்டும்தான் இருந்தது. மகனின் மின்னஞ்சலில் தேடி எடுத்தோம். 'அனைத்து டே கேர் சிகிச்சைகளும்' என்ற வரியின் பக்க எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டேன்.

அப்புறம் ஒரு சின்னத் தலைவலி. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், கேரள வழக்கப்படி. பாலிசியில் முன்னால், தமிழ்நாட்டு முகவர் எழுதியபடி. ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஓரிடத்தில் வேறு. முதல் சுற்றில் யாரும் கேட்கவில்லை. இரண்டாவதில் கேட்டு ஒரு நாள் போய்விடக் கூடாதே என்று, இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழியையும் சேர்த்துவிட்டேன்.

பதிலும் சிகிச்சையும்

வெள்ளி காலை அனுப்பினோம். பகல் ஒரு க்வெரி: சர்க்கரை அளவு அறிக்கை. கொடுத்தோம். மாலை 20,000 ரூபாய்க்கு முதல் அனுமதி வந்தது, முதுகின் ஒரு பக்கத்துக்கு மட்டும், ஒரு முறை மட்டும் என்ற நிபந்தனையோடு. முந்தைய நோய் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சந்தேகத்தை விலக்கிக்கொண்டோம் என்றும் எழுதவில்லை.

திங்கள் காலை சிகிச்சை நடந்தது. சாயம் நரம்பு வேரைச் சுற்றிப் படர்வதைப் பார்த்துப் படம் சேமித்துவிட்டு, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. மாலை எழுந்து நடந்தார். இறுதிப் பில் 30,400. இறுதி அனுமதி 24,900. வித்தியாசம் 5,500: சி-ஆர்ம் கட்டணம் 3,500, கையுறை போன்ற பொருள்கள் 1,400, பதிவுக் கட்டணம் 600. குடும்பம் கட்டிவிட்டுப் போனது.

பத்து நாள் கழித்து வேறொரு ஃபைலுக்காகக் காப்பீட்டு நிறுவனத்தோடு எங்கள் மருத்துவமனை போட்ட ஒப்பந்தத்தைப் புரட்டியபோது, தியேட்டர் கட்டணத்துக்குள்ளேயே சி-ஆர்ம் அடக்கம் என்று இருந்தது. அப்படியானால் அந்த 3,500-ஐ நோயாளியிடம் வாங்கியிருக்கவே கூடாது. நிர்வாகத்திடம் சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். இதை எழுதாமல் விட்டிருக்கலாம்தான். ஆனால் கேஷ்லெஸ் கிடைத்தபின் பில்லில் இப்படிப் போகும் பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஸ்டீராய்டு எதிர்பார்த்தபடியே சர்க்கரையை ஏற்றியது. மூன்று நாள் 280 வரை போய்ப் பிறகு இறங்கியது. பத்துக்கு எட்டு என்று சொன்ன வலி இரண்டு வாரத்தில் மூன்றானது. மூன்றாவது வாரம் வேன் ஓட்டினார், கேன் தூக்க ஓர் ஆள் வைத்துக்கொண்டு. கட்டைவிரல் பலம் ஆறு வாரத்தில் திரும்பியது. நான்காவது மாதம் வலி மறுபடி நான்கு வரை ஏறியது. இரண்டாவது ஊசி தேவைப்படலாம், முதலில் உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்யுங்கள் என்றார் மருத்துவர்.

மறுத்திருந்தால்

அடுத்த படிகளைக் குடும்பத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தோம். மேற்சொன்ன 2024 சுற்றறிக்கைப்படி, க்ளெய்மை நிராகரிக்க நிறுவனத்தின் மறு ஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பாலிசியின் எந்த விதிப்படி என்று சொல்லவும் வேண்டும். இவற்றைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்தையும் காப்பீட்டு அலுவலகம் இருக்கும் இடத்தையும் வைத்து எந்தக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பது முடிவாகிறது. இவர்கள் வீடு கேரளத்தில் இருப்பதால் கொச்சி அலுவலகத்துக்கே போகலாம். பாலிசி தமிழ்நாட்டில் எடுத்தது, சிகிச்சையும் தமிழ்நாட்டில் என்பதால் சென்னைதான் போக வேண்டும் என்று மகன் நினைத்திருந்தான்.

மாற்றியது

'எத்தனை நாளா வலி' என்ற கேள்வியை எங்கள் ஓபியில் இரண்டாகப் பிரித்துவிட்டோம்: இந்த வலி எப்போது தொடங்கியது, இதற்குமுன் முதுகுக்காக மருத்துவரைப் பார்த்ததுண்டா. முதுகுத்தண்டு ஊசிக்கான முன் அனுமதிப் படிவத்தை மருத்துவரின் ஒரு பக்கக் கடிதம் இல்லாமல் நான் அனுப்புவதில்லை. சில நாள் அரைநாள் தாமதமாகிறது, டெஸ்க்கில் திட்டு விழுகிறது. கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் ஆயுர்வேதச் சீட்டு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுகிறேன். நிறைய பேர் தயங்கித்தான் எடுக்கிறார்கள். இங்கிலீஷ் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம்.

சரிசெய்யாமல் நிற்கும் ஒன்றும் உண்டு. முந்தைய நோய்ச் சந்தேகம் காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் இன்னும் பதிந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டோம். 'உங்கள் க்ளெய்ம் தீர்க்கப்பட்டது' என்ற பதில்தான் வந்தது. பாலிசி எடுத்து 36 மாதம் முடிந்தபின் அந்தக் கேள்விக்கு வேலை இருக்காது. அதற்குள் இரண்டாவது ஊசி தேவைப்பட்டால் இந்த ஃபைலை மறுபடி திறக்க வேண்டும்.

போன முறை பரிசோதனைக்கு வந்தபோது அவர் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்தார். தேதி, வலி பத்துக்கு எத்தனை, அன்றைக்கு எத்தனை நடை வேன் ஓட்டினார், சர்க்கரை எவ்வளவு. எழுதுவது மகன். இரண்டாவது முறை கேட்டால் முதல் ஊசி எத்தனை நாள், எந்த அளவு பலன் தந்தது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள் என நான் சொல்லியிருந்தேன். எல்லாம் தமிழில் இருந்தது. மஞ்சள் பையிலிருந்து இன்னொரு நோட்டையும் எடுத்தான். அதில் அதையே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான்.